தகுதியும் அழைப்பும்

மக்கள் ஒரு பொருளை விரும்புதற்குக் காரணம் இரண்டு. அப்பொருளாற் பயன் உண்டு என்பது ஒன்று. அப்பொருள் பிறர்க்கு இல்லை என்பது மற்றொன்று. பசித்தவன் சோற்றை விரும்புதல் முதற் காரணம் பற்றியது. அச்சோற்றை ஊரார் எல்லாரும் உண்பினும் அவன் பசி தீர்தலிற் குறைவு யாதுமில்லை. இரண்டாங் காரணம் பற்றி விரும்பப்படும் பொருளோ, எல்லார்க்கும் எய்திய அன்றே தன் மதிப்பை இழந்துவிடும். இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனைப் பெறுதற்கு ஒருவர் தம்மைத் தகுதியுடையராக்கிக் கோடல் அறமாமோ, அங்ஙனம் வந்த தகுதி உயிர்க்குத் தகுதியாமோ என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கையுள் அடங்குவது. வினா அத்துணைச் சிறிதன்று.

கிரெடிட் கார்டு என்னும் கடனட்டையை இந்நாளில் அறியாதார் அரியர். 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தில், உணவுச்சாலைகளிற் கைப்பணமின்றி உண்டு பின்னர்ப் பணம் செலுத்துவார்க்கென டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் ஓர் அட்டையை வழங்கிற்று. அது மெய்யாகவே காகித அட்டை. நம் நாட்டுப் பாங்குகளுள் சென்ட்ரல் பாங்கு ஆப் இந்தியா 1980-இல் இதனை முதன்முதல் வெளியிட்டது. தொடக்கத்தில் அட்டையை உடைமையே பெருமையாக இருந்தது. மாதச் சம்பளம் வாங்குவார் பலர்க்கும் அது கிட்டவே, பெருமை அட்டையை விட்டு நீங்கி அட்டையின் நிறத்திற் குடிபுகுந்தது. பொன்னிற அட்டை வந்தது, அதுவும் பலர்க்காயிற்று. பிளாட்டினம் எனப் பெயரிய அட்டை வந்தது. அதுவும் அவ்வழியே சென்றது.

1980-களில் அமெரிக்க நாட்டில் ஒரு வதந்தி எழுந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் மிகப் பெருஞ் செல்வர் சிலர்க்கு மட்டும் கரிய அட்டையொன்றை மறைவாக வழங்குகின்றது என்பதே அது. அப்படி ஓர் அட்டை அன்று இல்லை. வதந்தியோ ஓயவில்லை. 1999-இல் அந்நிறுவனம் சென்டூரியன் என்னும் பெயரால் கரிய அட்டையை மெய்யாகவே படைத்து, தான் அழைப்பார்க்கன்றிப் பிறர்க்கு இல்லையென்றும் விதித்தது. இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்திற்கு இது முரணாகுமே எனச் சிலர் நகையாடலாம். முரணன்று. அட்டை இல்லையேனும் அதன் மேலதாகிய அவா முன்னரே உண்டு. அவ்வவா முதற்காரணமாக, நிறுவனம் நிமித்தகாரணமாக, அட்டை காரியப்பட்டது. குயவன் மண்ணைப் படைத்தானல்லன் அன்றோ?

இவ்வகை அட்டைகளுட் பல, பிரைவேட் பாங்கிங் என்று வழங்கும், செல்வர்க்கென வகுத்த தனிப்பகுதியின் வாயிலாகவே கிடைக்கின்றன. இலண்டன் மாநகரில் 1692-இல் தோன்றிய கூட்ஸ் பாங்கு அந்நாட்டு அரச குடும்பத்தார்க்குக் கணக்கு வைப்பது. முதலீடாகவோ கடனாகவோ பத்து இலக்கம் பவுனாவது, சேமிப்பாக முப்பது இலக்கம் பவுனாவது உடையார்க்கே அதன் வாயில் திறக்கும் என்பது 2023-இல் உலகறிந்த செய்தியாயிற்று. நம் நாட்டில் ஆக்சிஸ் பாங்கு 2019-இல் தொடங்கிய பர்கண்டி பிரைவேட் என்னும் பகுதிக்கு வரம்பு ஐந்து கோடி ரூபாய். இவ்வரம்பை அளக்குங் கோலுக்கு ‘மொத்தத் தொடர்பு மதிப்பு’ என்று பெயர். வைப்புநிதி, பங்கு, பரஸ்பர நிதி முதலியனவாக அப்பாங்கின் ஏட்டிற் காணக்கிடப்பது என்பது அதன் பொருள். எச்.டி.எப்.சி. பாங்கின் இன்பினியா என்னும் அட்டையும் அழைப்பினால் வருவதே. இவற்றின் பொது இயல்பு யாதெனின், வேண்டுவார் வேண்டிப் பெறுதல் இல்லை. கொடுப்பார் அழைத்துக் கொடுத்தலே உண்டு. ஆகலின் வேண்டுவார் செய்யத்தக்கது, தாம் அழைக்கப்படுமாறு தம்மை அமைத்துக்கொண்டு காத்திருத்தலேயாம். இவ்வமைத்துக்கோடலே யாம் ஆராயுந் தகுதி.

ஆராய்ச்சி ஆகாயத்தில் நில்லாமைப்பொருட்டு ஓரிடத்தையும் ஒருவரையும் கருதிக்கொள்வாம். இடம் தொரப்பள்ளி. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூருக்கு அணித்தாகக் கன்னட நாட்டெல்லையை அடுத்துள்ள சிற்றூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவிற் கேட்கப்படும் நாட்டுப்பகுதி. சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் 1878-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பிறந்தது இவ்வூரிலே. அவர்தம் தந்தையார் இவ்வூர் முனிசீபு. ஓசூர் மலைமேல் எழுந்தருளிய சந்திரசூடேசுவரர் திருமுன்றிலில் நின்று நோக்குவார்க்கு, அரை நூற்றாண்டின் முன்னர்ப் புலப்பட்டன கேழ்வரகுக் கொல்லைகளும் ஏரிகளுமேயாம். 1970-களிற் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டன் கடிகாரமும் வந்தன. அவற்றிற்கு உறுப்புகள் கடைந்து கொடுக்குஞ் சிறு பட்டறைகள் தெருத்தோறும் எழுந்தன. கேழ்வரகு விளைந்த நிலத்தில் ரோசாச் செடியும், ரோசா மலர்ந்த நிலத்தில் வீட்டுமனைக் கல்லும் நிலைபெற்றன. பெங்களூர் மாநகரம் நாற்பது கிலோமீட்டர்த் தொலைவிலிருந்து நிலத்தின் விலையை நாடோறும் உயர்த்தி வருகின்றது.

இவ்வூர்ப்பக்கத்து உழவர் குடியிற் பிறந்த ஒருவர், தந்தைவழி நிலத்திற் பாதியை விற்று லேத்துப் பட்டறை வைத்து, உழைப்பினால் அதனைப் பெருக்கினார் என்க. அவர் பாங்குக் கணக்கில் நான்கு கோடி உண்டு. ரிலேஷன்ஷிப் மானேஜர் என்னும் அலுவலர் ஒருவர் அவர் பட்டறைக்கு வந்து, “ஐயா, தங்கள் குடும்பக் கணக்கில் இன்னும் ஒரு கோடி சேருமாயின் தங்களை மேற்பகுதிக்கு எடுத்துக்கொள்வோம், அதற்குரிய அட்டைக்கும் அழைப்பு வரும்” என்று இன்சொல் கூறிப் போயினார் என்க. அதுகாறும் அவ்வட்டையின் பெயரும் இவர்க்குத் தெரியாது. அன்றிரவு முதல் இவர் தம்மை நான்கு கோடி உடையாராக எண்ணுகின்றிலர். ஒரு கோடி இல்லாராகவே எண்ணுகின்றார். வறுமை, செல்வத்தின் குறைவினால் மட்டுமன்று, அளவுகோலின் நீட்சியினாலும் வரும் என்பது இதனால் அறியப்படும்.

அந்த ஒரு கோடிக்கு வழி மூன்று. எஞ்சிய நிலத்தை விற்றல் ஒன்று. நிலம் பாங்கின் ஏட்டில் ஏறாது. இருபது ஏக்கர் உடையாரும் அதனை விற்குங்காறும் அவ்வேட்டில் வறியரே. தந்தையார் வெட்டிய கிணறும், அதனைச் சுற்றிய ரோசாத் தோட்டமும் விலையாகிப் பணமாகி வைப்புநிதியாகி நின்றால்தான் ‘மதிப்பு’ என்னும் பெயரைப் பெறும். பட்டறையை ஈடு வைத்துக் கடன் வாங்கி, அக்கடனையே வைப்புநிதியாகக் காட்டுதல் மற்றொன்று; கொடுக்கும் வட்டி பெறும் வட்டியினும் மிகுதியாதலின் இது தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் வழி. மூன்றாவது வழி ஓசையின்றி நிகழ்வது. இரும்பு தந்தார்க்கும், முலாம் பூசித் தந்தார்க்கும், வண்டி ஓட்டினார்க்கும் கொடுக்கவேண்டிய தொகைகளை, பாங்கு கணக்கு நோக்குங் காலம் கழியும் வரையில் நிறுத்திவைத்தல். சிறு தொழிலார்க்குரிய பணத்தை 45 நாளுக்குள் கொடுத்துவிடல் வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. விதித்தும் என்னை? முலாம் பூசுவார் தம்மைவிடப் பெரிய பட்டறைக்காரர்மீது வழக்குத் தொடுத்தல் எளிதோ? அடுத்த மாத வேலையும் அவரிடமே பெறவேண்டும் அன்றோ? பிறர்க்குரிய பணம் சில திங்கள் இவர் பணமாகத் தோற்றும். அத்தோற்றத்தைக் கண்டு அழைப்பும் வரும்.

கடன் என்னும் நம் தமிழ்ச்சொல் இரு பொருள் உடையது. வாங்கித் திருப்பித் தரவேண்டுவது ஒன்று. செய்தே தீரவேண்டிய கடப்பாடு மற்றொன்று. திருநாவுக்கரசு சுவாமிகள் இறைவன் கடன் இன்னது, தம் கடன் இன்னது எனப் பகுத்தருளிய இடத்தைச் சைவ நன்மக்களுக்கு யாம் எடுத்துக் கூறவேண்டுவதில்லை. ஆண்டுச் சொல் கடப்பாட்டினையே குறித்தது. மூன்றாம் வழியிற் செல்வாரிடத்து இவ்விரு பொருளும் ஒருங்கே கெடுகின்றன. கடன் பெறுதற்குத் தகுதியுடையார் எனக் காட்டுதற்பொருட்டுத் தாம் பட்ட கடனைக் கொடாதிருக்கின்றார். அதனால் முதலாளியின் கடப்பாடும் தவறுகின்றது. அட்டையோ கையில் வந்துவிடும். அதன்மேற் பொறித்த பெயருக்கு உரியார் யாவர் என்று முலாம் பூசுவாரைக் கேட்டால் அவர் வேறு விடை கூறக்கூடும்.

இனி, இதனை மறுப்பார் கூறுவன சில உள. பாங்கு என்பது வாணிகக் கழகம். மிகுதியாகக் கொள்வார்க்கு மிகுதியாகச் செய்தல் வாணிக இயல்பு. விமான நிலையத்தில் இளைப்பாறும் அறையும், பயணத்திற் காப்புறுதியும், நள்ளிரவிலும் ஏவல் கேட்கும் ஆளும் பயனுடையனவே. உழைத்துச் சேர்த்தவர் அவற்றை நுகர்தலிற் குற்றம் யாது? என்பது ஒன்று. வாணிகம் பற்றிக் கூறியதனை யாம் மறுக்கின்றிலம். பாங்கின்மேல் யாம் குறை கூறவும் இல்லை. பயன் கருதுவாரும் உளர். அவர் ஆண்டுக்கட்டணத்தையும் பெறும் பயனையும் எதிரெதிர் வைத்து எண்ணி, ஒவ்வாதாயின் விட்டுவிடுவர். பயன் கருதினார் யாவர், பெருமை கருதினார் யாவர் என்று பிரித்தறிதற்கு ஒரு சோதனை உண்டு. அதே அட்டை, அதே பயன்கள் ஒன்றுங் குறையாமல், நாளை முதல் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் வேண்டுவார் எல்லார்க்கும் கொடுக்கப்படும் என்று பாங்கு முரசறையுமாயின், நம் தொரப்பள்ளியார் மகிழ்வாரோ, வருந்துவாரோ? மகிழ்வாராயின் அவர் விரும்பியது பயன். வருந்துவாராயின் அவர் விரும்பியது பிறர்க்கு இன்மை.

பொருளாசை வேறு, இது வேறு. பொருள் மாயேயம். மாயை இருளிடத்து விளக்குப்போல் உயிர்க்கு ஒருவாற்றான் உதவுவது என்பது சித்தாந்தத் துணிபு. பொருளாற் பசி தீர்க்கலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம், அறஞ் செய்யலாம். பொருளை மிக விரும்புவாரிடத்தும், அப்பொருளின் பயனைக் காட்டி, போதும் என்று சொல்ல இடமுண்டு. பிறர்க்கு இன்மையை விரும்புவாரிடத்து அங்ஙனம் சொல்ல இடமில்லை. ஏனெனில் அவ்விருப்பத்திற்குப் பொருளே இல்லை. வியாபகமாகிய உயிரை அணுப்போலச் சிறுமைப்படுத்துதலின் ஆணவம் எனப் பெயர் வந்தது என்பர். பத்து இலக்கம் பேரினின்றும் பிரிந்து ஆயிரவருள் ஒருவராதலையும், ஆயிரவரினின்றும் பிரிந்து பதின்மருள் ஒருவராதலையும் உலகத்தார் உயர்வு என்கின்றனர். வட்டம் சிறுத்துக்கொண்டே போதலை அவர் காண்கின்றிலர்.

இவ்விடத்து ஒன்று நினைவுக்கு வருகின்றது. இத்தகைய அட்டைகள் பல இப்பொழுது உலோகத்தாற் செய்யப்படுகின்றன. உணவுச்சாலை மேசைமேல் வைத்தால் ஓசை கேட்கும். கௌரவம் என்னும் வடசொல்லுக்குக் கனமுடைமை என்பதே முதற்பொருள். நம் நாட்டிலும் முன்னாளில் மந்திரிமார் பெயருக்கு முன் ‘கனம்’ என்று எழுதுதல் வழக்கமாயிருந்தது. அப்பொழுது கனம் சொல்லளவாய் நின்றது. இப்பொழுது தராசில் இட்டும் காட்டலாம்.

தகுதி என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. திருவள்ளுவனார் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை ஆள்கின்றார். பரிமேலழகர் அதற்கு நடுவு நிலைமை என்றே பொருள் கொண்டனர். பகைவர், நொதுமலர், நண்பர் என்னும் முத்திறத்தாரிடத்தும் அவ்வவர்க்குரியதைக் கொடுத்தலே அங்குத் தகுதி. அஃதாவது, தகுதி கொடுப்பான்பாற் கிடக்குங் குணம். இன்று அச்சொல் பெறுவான்பாற் கிடக்கும் அளவாயிற்று. அவ்வளவையும் நிறுக்குங் கூடங்கள் உள. 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் என்னும் நிலையம், ஒவ்வொருவர் கடனையும் அதைத் தீர்த்த நாளையும் குறித்து வைத்து, 300 முதல் 900 வரை எண் கொடுக்கின்றது. சித்திரகுத்தன் ஏட்டை ஐயுறுவாரும் இவ்வேட்டை ஐயுறுகின்றிலர். ஆயினும், கடன் வாங்கித் திருப்பினார்க்கே அவ்வெண் உயரும். வாழ்நாள் முழுதும் கடனே வாங்காதார்க்கு அங்கு மதிப்பெண்ணே இல்லை. கடன்படாமையைப் பேறாக எண்ணிய நம் முன்னோர் இதனைக் கேட்டால் வியப்பர்.

தொரப்பள்ளியை யாம் இடமாகக் கொண்டதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அவ்வூரிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார் 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதம மந்திரியாக இருந்தபொழுது, 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள்வரை நிலுவையாய் நின்ற வட்டியை அச்சட்டம் தள்ளிவிட்டது. வாங்கிய முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் முதலும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. சட்டத்தின் பின்னர் உழவர் வாங்குங் கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 6¼, அஃதாவது ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதுவும் தனிவட்டி, என்று அன்று வரம்பு கட்டினர். இன்று நிலுவை வைத்தார்மேற் கடனட்டைகள் பல விதிக்கும் வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றின் மேற்செல்வது. பழங்கணக்கிற் கூறின் ரூபாய்க்கு மாதம் ஆறு தம்பிடி அளவு. ஆண்டிற்கு முப்பது விழுக்காட்டின் மேல் வாங்குதல் முறையன்று என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கூறிற்று. உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் அதனைத் தள்ளிவிட்டது.

வட்டியினும் எமக்கு வியப்பாவது வேறு. 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் தகுதி கேட்டது. விவசாயி என்னும் தகுதி உடையார்க்கே அந்நிவாரணம். வருமானவரி விதிக்கப்பட்டார் முதலாயினோரை விவசாயி அல்லர் என விலக்கிற்று. ஆதலின் நீதிமன்றங்களில் கடன்பட்டார் தம் சிறுமையை நிறுவ முயன்றனர். கடன் கொடுத்தார் அவர் பெருமையை நிறுவ முயன்றனர். கடனினின்று விடுதலை பெறுதற்கு ஒருவர் தம்மை எளியராகக் காட்டினார் அன்று. கடன் வாங்கும் உரிமைக்கு ஒருவர் தம்மைப் பெரியராகக் காட்டுகின்றார் இன்று. முன்னையோர்பாலும் பொய் கலந்திருக்கலாம். யாம் அக்காலத்தைப் பொற்காலம் என்று கூற வரவில்லை. ஆனால் அவர் வேண்டியது நீங்கினால் மற்றொருவர் நிலமும் பறிபோம் நிலைமை அன்று இருந்தது. அத்தகுதிக்குப் பின் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது.

மறுப்பார் கூறும் இரண்டாவது, ஆழமுடையது. அழைப்பினாலன்றி வாராது, வேண்டினார் எல்லார்க்கும் கிட்டாது, பக்குவப்பட்டார்க்கே கொடுக்கப்படும் என்பனவெல்லாம் திருவருளுக்கும் கூறப்படுவனவே. மலபரிபாகமும் இருவினையொப்பும் எய்தினார்க்கன்றோ சத்திநிபாதம் நிகழ்கின்றது? மந்ததரம் முதல் தீவிரதரம் ஈறாக அதனிலும் நால்வகை கூறுகின்றீரே? ஆண்டுத் தகுதி பார்த்தல் ஆகும், ஈண்டு ஆகாது என்றல் ஒருதலைப் பேச்சன்றோ? என்பர்.

வடிவில் ஒப்புமை உண்டு என்பதை ஒப்புகின்றாம். அதுபற்றியே இவ்வாராய்ச்சி வேண்டப்பட்டது. அழைப்பான் யாவன், எதன்பொருட்டு அழைக்கின்றான் என்பதை முதலிற் காண்க. இறைவன் குறைவிலா நிறைவுடையன். தனக்கொரு பயன் கருதாது உயிரின்பொருட்டே ஐந்தொழில் இயற்றுகின்றான். பாங்கு அழைத்தல் தன் குறையை நிரப்புதற்பொருட்டு. நம் தொரப்பள்ளியாரின் ஐந்து கோடி அதற்கு வேண்டும். அதில் இழிவில்லை, அது வாணிகம். ஆனால் வாணிகத்தின் அழைப்பை அருளின் அழைப்புப்போல் எண்ணி உளங்குளிர்தல் மயக்கமேயாம். வேண்டப்பட்டது பணம், வேண்டப்பட்டவராகத் தம்மைக் கருதிக்கொள்கின்றார் அவர்.

பக்குவத்தின் இயல்பும் வேறு. பக்குவம் எய்தினார் தம் பக்குவத்தை எண்ணிப் பார்ப்பவரல்லர். நாலு கோடி ஆயிற்று, இன்னும் ஒன்று வேண்டும் என்று இரவிற் கணக்கிடும் நிலை அங்கில்லை. இருவினையொப்பாவது ஆக்கத்தினும் கேட்டினும் உள்ளம் ஒத்து நிற்றல். ஒப்பு நிகழ நிகழ வேண்டுதல் தேயும். அட்டையின் தகுதியோ வளர வளர வேண்டுதல் வளரும். ஐந்து கோடி எய்தினார்க்கு அதற்கு மேற்பட்ட பகுதி ஒன்று உண்டென்று அறிவிக்கப்படும். பாங்குகள் அதனையும் படிப்படியாகவே அமைத்துள்ளன.

கொடுத்ததை மீட்டலும் கருதத்தக்கது. கூட்ஸ் பாங்கு 2023-இல் நைஜல் பராஜ் என்னும் ஆங்கில அரசியலாரின் கணக்கை முடித்தது. அவர் செல்வம் வரம்பிற்குக் கீழ்ப்பட்டது என்பது முதலில் வெளிவந்த காரணம். அவர் கருத்துகளும் நோக்கப்பட்டன என்பது பாங்கின் ஏடுகள் வெளிப்பட்டபொழுது தெரிந்தது. அதனையொட்டிய பூசலில் அதன் தாய்ப்பாங்காகிய நாட்வெஸ்ட்டின் தலைவர் பதவி துறந்தார். அவ்வரசியலாரின் கொள்கை பற்றி எமக்கு ஒன்றும் இல்லை. அளவு பற்றி வந்த சிறப்பு அளவு குறையின் நீங்கும். அளந்தான் மனம் மாறினும் நீங்கும். திருவருளோ உயிர் அறியாத நாளிலும் அதனோடு உடனாய் நின்றது. விலகி நின்று பின் வந்ததன்று. புதிதாக நிகழ்ந்தது உயிரின் நோக்கம் திரும்பியதேயாம். ஆகலின் ஒப்புமை வடிவோடு நின்றது என்க.

இத்துணையும் கூறியபின், மடாலயங்களிலும் திருக்கோயில்களிலும் பழகும் அன்பர்கள் எம்மை நோக்கி வினவத்தக்க ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதனை மறைத்தல் முறையாகாது. பாங்கின் தரவரிசையை இழித்துரைக்கும் நும்மவர் பரிவட்டத்திற்கும் முதல் மரியாதைக்கும் வழக்காடியது எத்தனை? திருமுன்னிலையில் யார் எங்கே இருப்பது என்று முகஞ் சுளித்தது எத்தனை? என்பதே அது.

தீக்கையின் படிநிலைகளை இதனோடு சேர்த்தல் பொருந்தாது. சமயம், விசேடம், நிருவாணம் என்பன ஏறுந்தோறும் கடப்பாடு மிகுவன. நித்திய கருமம் கூடும், ஒழுக்கம் இறுகும். மேற்படியில் நிற்பாரின் சிறப்பு கீழ்ப்படியில் நிற்பாரின் இன்மையால் ஆவதன்று. எல்லாரும் நிருவாண தீக்கை பெற்றுவிடினும் அதன் மதிப்பு ஒரு தினையளவும் குறையாது. பேருந்து நிலையச் சோதனை இங்கே தேறுகின்றது.

பரிவட்டமும் முதல் மரியாதையும் அச்சோதனையில் தேறுவனவோ? அன்பினால் தொண்டு செய்த ஒருவர்க்கு ஊர் மனமுவந்து செய்யுஞ் சிறப்பு என்ற அளவில் தேறும். நன்கொடையின் அளவு பற்றி வேண்டிப் பெறும்பொழுது தேறாது. ஏனெனில் எல்லார் தலையிலும் பரிவட்டம் கட்டப்படுமாயின் வழக்காடினார் அதனைக் கழற்றி எறிவர். கட்டணஞ் செலுத்தினார் விரைந்து முற்செல்லும் சிறப்பு வழியோ இதனினும் வெளிப்படையானது. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில், அதுகாறும் பிறப்பினால் தகுதியிலர் என்று புறத்தே நிறுத்தப்பட்டோர் வைத்தியநாத ஐயர் முதலியோருடன் உட்புகுந்தனர். அப்பொழுதும் மந்திரிசபைத் தலைவர் தொரப்பள்ளியிற் பிறந்த அவரே. திறந்த கதவுக்குச் சட்டக் காப்பும் அவ்வாண்டிலேயே வந்தது. அன்று அதனைச் சைவருள்ளும் பலர் எதிர்த்தனர் என்பதை மறத்தற்கில்லை. பிறப்பின் வரிசையை ஒழித்த வாயிலில் பணத்தின் வரிசையை நாமே அமைத்தல் எங்ஙனம் பொருந்தும்? நின்று தொழுவார்க்கும் விரைந்து தொழுவார்க்கும் இறைவன் ஒருவனே எனினும், கருவறைக்கு முன் நிற்கும் இரண்டு நொடிப்பொழுது யார்க்கு நீள்கின்றது, யார்க்குச் சுருங்குகின்றது என்பதை ஒரு திருவிழா நாளிற் சென்று காண்க.

கட்டணம் இன்றேல் கோயிற் செலவு நடவாது, விளக்கெரியாது, ஓதுவார்க்குச் சம்பளம் இல்லை என்பார் உளர். அது புறக்கணிக்கத்தக்க விடையன்று. ஓதுவார் பசித்திருக்கப் பாடுதலை யாம் விரும்புகின்றிலம். ஆயினும் கோயில்கள் பலவற்றிற்கு நிலம் உண்டு. குத்தகை நிலுவை உண்டு. கடைகளின் வாடகை பல ஆண்டுகளுக்கு முற்பட்ட அளவிலேயே நிற்பதும் உண்டு. செல்வர் பலர் சிறப்பு வழிக்குக் கொடுப்பதையே உண்டியலில் இட்டு, வரிசையிலும் நிற்க இசைவரோ என்று கேட்டுப் பார்த்தோரும் இருத்தல் கூடும். நிலக்குத்தகை, வாடகை, உண்டியல் என்னும் இவற்றைக்கொண்டே ஒரு நடுத்தரக் கோயிலின் ஆண்டுச் செலவு அடைபடுமோ என்பதனை, கோயிற் கணக்கு அறிந்த அன்பர்கள் எழுதி விடுப்பின், மேல்வரும் இதழில் அவற்றை வைத்து ஆராய்வாம்.